கல் என்றார் தம்பிச்சாமி

"தம்பிச்சாமி, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"அடுக்களை மேடைக்குள்ள சார்ஜரைப் புதைக்கணும். ஒயரு கெடையாது. மேல போனை வச்சாப் போதும், அடியில இருந்து தானா சார்ஜ் ஏறிரும். அதுக்கு மேடையில எதைப் போட? கல்லா, மரமா, கண்ணாடியா?"

தம்பிச்சாமி கண்ணை மூடினார். திறந்தார்.

"கல்," என்றார்.

அண்ணாச்சி விழுந்து கும்பிட்டார். அன்றைக்கே மினி லாரி பிடித்துக் கல் வாங்கக் கிளம்பிவிட்டார்.

*

எங்கள் மடம் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. மடம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கூடம், ஒரு அடுக்களை, நாலு அறை, ஒரு வேப்பமரம். வருகிறவர்களுக்கு மத்தியானம் சாப்பாடு உண்டு. சாப்பாட்டுக்காக வந்து ஞானம் வாங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள். ஞானத்துக்காக வந்து சாப்பாட்டோடு திருப்திப்பட்டவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது ரகம்.

குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடர்கள் எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள். அதனால்தான் தம்பிச்சாமி என்று பெயர் நின்றுவிட்டது. முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். டிரைவர் தலைக்கு மேலே எழுதிப் போட்டிருந்த செந்தமிழ் வரிகளை வருஷக்கணக்காகப் படித்துப் படித்து, ஏதோ ஒன்று உள்ளே இறங்கி, ஒருநாள் அவரும் இறங்கிவிட்டார். பையை ஒப்படைத்தார். விசிலை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

நாங்கள் தப்பான வழியில் போனால் ஒரு விசில். நில்லு என்று அர்த்தம். சரியாகப் போனால் இரண்டு விசில். போகலாம். அதற்குமேல் நீளமான உபதேசம் எதுவும் அவர் செய்து நான் கேட்டதில்லை. அடுக்களையில் குக்கர் விசில் அடித்தால் திடுக்கிட்டு நின்றுவிடுகிற சீடர்கள் இன்றும் உண்டு.

அண்ணாச்சியின் பெயர் சொர்ணலிங்கம். டவுனில் முப்பது வருஷம் கிரானைட் கடை வைத்திருந்தவர். கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார். கடையை விட்டாரே தவிர, கல்லை விடவில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் குனிந்து தரையைத்தான் தடவிப் பார்ப்பார். முடியளவு கீறல் கையில் தட்டினாலும் மொத்த லோடையும் திருப்பி அனுப்பிவிடுவார் என்று டவுனில் அவருக்குப் பெயர்.

*

இவ்வளவு பாடும் செண்பகத்தின் போனுக்காக.

செண்பகம்தான் மடத்தில் சமையல். அவளுக்கு ஒரே மகள், ஆவுடை. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கிறாள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு நல்ல போன் வாங்கி அனுப்பினாள். மடத்துக்கு வருகிறவர்கள் வாசல் பெட்டியில் போனைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். செண்பகத்துக்கு மட்டும் அந்த விதி கிடையாது.

"இது என்ன நியாயம்?" என்று ஒரு பெரிய மனிதர் கேட்டார்.

"அடுக்களை மடத்துல சேராது," என்று சொல்லிவிட்டார் தம்பிச்சாமி.

செண்பகத்தின் கை எந்நேரமும் மாவும் தண்ணீருமாக இருக்கும். அந்த மாவு கொஞ்சம் கொஞ்சமாகப் போய், போனில் சார்ஜ் போடுகிற ஓட்டையை அடைத்துவிட்டது. அவள் ஊக்கை எடுத்துக் குத்தினாள். உள்ளே இருந்த நாக்கு முறிந்தது. பிறகு எந்த ஒயரும் அதில் நிற்கவில்லை. டவுன் ரிப்பேர் கடைக்காரர் கையை விரித்துவிட்டு, "ஆனா இது தட்டு மேல வச்சாலே சார்ஜ் ஏறுத போனுதான் யக்கா," என்றார். தட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரே வாரத்தில் அதன்மேல் சாம்பார் கொட்டியது.

ஆவுடைக்கு அப்போது நிறை மாசம். செண்பகம் போய் உடன் இருக்கலாம் என்றால் விசா கிடைக்கவில்லை.

"வேற போன் வாங்கித் தாரேம்மா," என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம் அண்ணாச்சி. இது எம் பிள்ள மொத சம்பளத்துல வாங்குனது."

"அப்ப எம் போனுக்குப் பேசச் சொல்லு."

"நாலு பேருக்கு நடுவுல நின்னு மககிட்ட என்னத்தப் பேச?"

கொஞ்ச நேரம் அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். பிறகு தலை நிமிராமலே சொன்னாள்.

"கொழந்த பெறந்ததும் அவ கொரலைக் கேக்கணும். 'எம்மா'ன்னு ஒரு வார்த்த. அது போதும் அண்ணாச்சி எனக்கு."

அண்ணாச்சிக்கு மூக்கு விடைத்துக்கொண்டது. துண்டால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தவர், நேராக தம்பிச்சாமியிடம் போய்த்தான் அந்தச் சந்தேகத்தைக் கேட்டார். மேடைக்கு அடியில் புதைத்துவிட்டால் சாம்பார் கொட்டினாலும் மேடைமேல்தானே கொட்டும்.

*

லாரி திரும்பி வந்தபோது கல்லோடு சேர்ந்து அண்ணாச்சியின் பிரசங்கமும் வந்து இறங்கியது.

"இப்பம் மேடையில இருக்க எவர்சில்வர் ஆகவே ஆகாது. எவர்சில்வரு, இரும்பு, செம்பு எதுவும் குறுக்க வரப்பிடாது. வந்துதுன்னா சார்ஜ் தாண்டாது. மரம்னா தாண்டும். ஆனா செண்பகம் கொட்டுத தண்ணிக்கு ஒரே மழைக்காலத்துல ஊதிப் போயிரும். கண்ணாடியும் தாண்டும். பருப்பு அண்டாவை அதுல எறக்கி வைக்க முடியுமா? மெசின்ல செய்யுத கல்லு ஒண்ணு இருக்கு. கல்லுப்பொடியையும் பசையையும் சேத்து அமுக்குதது. பாக்க அம்சமாத்தான் இருக்கும். கொதிக்கக் கொதிக்க எறக்குனா பசை கருகி வட்டம் விழுந்துரும். அதனால அசல் கிரானைட்டு. அதுலயும் கனம் பாக்கணும். ரெண்டு வெரக்கடை கனம்னா சார்ஜ் ஏறாது. ரொம்ப மெலிசுன்னா பொளந்துரும். ஒரு வெரக்கடைதான் கணக்கு..."

ஒரு விசில்.

அண்ணாச்சி நின்றார். தம்பிச்சாமி கூடத்தைக் கை காட்டினார். இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பரிமாற வேண்டியவர்கள் அண்ணாச்சியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

*

கல் நல்ல கல். அதைச் சொல்லியாக வேண்டும்.

சுத்தக் கறுப்பு. ஒரு புள்ளி கிடையாது, ஒரு ரேகை கிடையாது. பதித்து முடித்ததும் தம்பிச்சாமி அதில் முகம் பார்த்துத் தாடியை ஒதுக்கிக்கொண்டார். அண்ணாச்சி மேடைக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கல்லை லேசாகக் குடைந்து, சார்ஜரை உள்ளே வைத்து ஒட்டினார். கல்லுக்கு அடியில் வைப்பதற்கென்றே விற்கிற சார்ஜர் அது. எழுந்து வந்தபோது மீசை முழுக்கக் கல்பொடி.

"எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க பாப்போம்!"

நாங்கள் ஆளுக்கு ஒரு இடம் சொன்னோம். எல்லாம் தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் அண்ணாச்சி குழந்தை மாதிரி கை தட்டினார். அந்த சந்தோஷத்தைப் பார்த்து எங்களுக்கும் சிரிப்பு வந்தது. செண்பகமும் சிரித்தாள்.

"சரி, போனைக் கொண்டாம்மா."

வைத்தார். ஏறவில்லை.

நகர்த்தி வைத்தார். ஏறவில்லை. முகம் சுருங்கிப் போனது. "கல்லை இன்னும் கொஞ்சம் கொடையணும் போல," என்று மறுபடி மேடைக்கு அடியில் புகுந்தார்.

ஒரு விசில்.

தம்பிச்சாமி போனை எடுத்தார். அதன் முதுகில் இருந்த ரப்பர் உறையைக் கழற்றினார். உள்ளே இருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டு விழுந்தது. ஒரு விபூதிப் பொட்டலம் விழுந்தது. கடைசியாக ஒரு செப்புத் தகடு 'ணங்' என்று கல்லில் விழுந்தது.

"பிரசவம் நல்லபடியா ஆகணும்னு கோயில்ல மந்திரிச்சுக் குடுத்தது சாமி," என்றாள் செண்பகம். குரல் இறங்கிப் போயிருந்தது.

தம்பிச்சாமி தகட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றி அவளிடம் கொடுத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். போனை அண்ணாச்சியிடம் கொடுத்தார். அண்ணாச்சி வைத்தார்.

'டிங்' என்றது போன்.

அண்ணாச்சி கல்லைத் தடவிக் கொடுத்தார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படித் தடவியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

*

ஒரு வாரம் கழித்து, செண்பகத்தின் மதினி ஒருத்தி ஊரிலிருந்து பஸ் பிடித்து மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"ஏட்டி செண்பகம், நல்லாத்தான் இருக்கியா நீ? உம் மக அங்க அழுதுக்கிட்டு இருக்கா. எப்பம் அடிச்சாலும் போன் அணைஞ்சு கெடக்காம். அம்மைக்கு என்னமோ ஆயிட்டு, எல்லாரும் மறைக்கியன்னு சொல்லுதா. பதறப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். ரத்தக் கொதிப்பு கூடியிருக்காம்."

செண்பகத்தின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

அண்ணாச்சி ஓடி வந்து போனை எடுத்துப் பார்த்தார். செத்துக் கிடந்தது.

"கல்லு மேலதான வச்சே?"

"கல்லு மேலதான் அண்ணாச்சி வைக்கேன்."

"எடத்துல வச்சியா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். இவ்வளவு பாடுபட்டுச் செய்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் ஒரு வாரமாக அவள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். இப்போது வேறு வழியில்லை.

"எது எடம்னு எனக்குத் தெரியலையே அண்ணாச்சி."

"டிங்னு சத்தம் வருமேம்மா!"

கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. குக்கர் சீறிக்கொண்டிருந்தது. வாளியில் குழாய்த் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி சொன்னதே பாதிதான் அவள் காதில் விழுந்தது.

"செவத்துல இருந்து ஒரு சாணு, நாலு வெரக்கடை. குழாயில இருந்து ரெண்டு சாணு. இந்தா, இங்க. பாத்துக்கிட்டியா?"

அவள் பார்த்துக்கொண்டாள். சாண் போட்டு அளந்து ஒரு தடவை சரியாக வைத்தாள். மகளோடு பேசி, "எனக்கு ஒண்ணும் இல்ல மக்கா, நான் கல்லு மாதிரி இருக்கேன்," என்று சமாதானம் சொன்னாள். அடுத்த தடவை சாதம் பொங்கி வழிய ஓடியபோது வைத்ததில் ரெண்டு விரல் தள்ளிப் போய்விட்டது. காலையில் போன் மறுபடியும் செத்துக் கிடந்தது.

"ஒரு பொட்டு வச்சு அடையாளம் பண்ணிரலாமே அண்ணாச்சி," என்றேன் நான்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

"பொட்டா? இந்தக் கல்லுலயா? அதுக்கா நான் ஏழு கல்லு யார்டு ஏறி எறங்குனேன்?"

யாரோ ஒரு பக்தை அவருக்குத் தெரியாமல் தன் நெற்றி ஸ்டிக்கரை எடுத்து ஒட்டிவிட்டுப் போனாள். மத்தியானம் மேடையைக் கழுவியதில் அது போய்விட்டது. அண்ணாச்சி அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

*

"தம்பிச்சாமி, நான் தோத்துட்டேன்."

"எதுல அண்ணாச்சி?"

"நீங்க சொன்ன கல்லுதான் போட்டேன். கல்லுல ஒரு கொறை கெடையாது. சார்ஜர்ல ஒரு கொறை கெடையாது. அந்தப் பிள்ளைக்குத்தான் வைக்கத் தெரியல. நான் என்ன செய்ய?"

"நான் எப்பம் கல்லுன்னு சொன்னேன்?"

"நீங்கதான சொன்னிய? கல்லா, மரமா, கண்ணாடியான்னு நான் கேட்டேன். கல்-னு நீங்க சொன்னிய."

"ஆமா. கல்-னுதான் சொன்னேன்."

அண்ணாச்சி அந்தச் சொல்லைத் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் யாரும் கல் என்று சொல்ல மாட்டார்கள். கொத்தனார் சொல்வது கல்லு. லாரிக்காரர் சொல்வது கல்லு. அண்ணாச்சி முப்பது வருஷமும் கல்லு என்று சொல்லித்தான் விற்றார். 'லு' இல்லாத கல், பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே எழுதியிருந்த வரிகளில் மட்டும்தான் இருந்தது. கற்றுக்கொள் என்பதற்கு அங்கே எழுதுகிற சொல் அது.

"படி-ன்னு சொல்லியிருக்கலாமே தம்பிச்சாமி!"

"சொல்லியிருந்தா மாடிப்படிக்குக் கல்லு எறக்கியிருப்பிய."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கவே கண்ணும் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு மஸ்கட்டில் ரத்தக் கொதிப்பு ஏறிக்கொண்டிருக்கிறதே என்ற பயம் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"யாருகிட்டப் படிக்க?" என்று கேட்டார்.

தம்பிச்சாமி விசிலால் அடுக்களையைக் காட்டினார்.

*

மறுநாள் காலை அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுக்களையில் போய் நின்றார்.

"ஐயய்யோ, நீங்க போங்க அண்ணாச்சி," என்றாள் செண்பகம்.

"தம்பிச்சாமி உத்தரவும்மா. வேலையைச் சொல்லு."

அவள் ஒரு சுளகு நிறையச் சின்ன வெங்காயத்தை வைத்தாள். அது முடிந்ததும் ஒரு கூடை வெண்டைக்காயை வைத்தாள். அண்ணாச்சியின் கண் இரண்டும் சிவந்து ஒழுகியது. கையெல்லாம் வெண்டைக்காய்ப் பசை.

"அண்ணாச்சி, இந்தப் போனைக் கொஞ்சம் வச்சிருங்க. நான் சாதத்தை வடிச்சுட்டு வந்திருதேன்."

அண்ணாச்சி வாங்கினார். அவர் குடைந்த கல். அவர் ஒட்டிய சார்ஜர். கண்ணீர் வழிய, வழுக்குகிற கையோடு வைத்தார்.

கிரைண்டர் நின்ற பிறகு போய்ப் பார்த்தார். ஏறவில்லை. ரெண்டு விரல் தள்ளி வைத்திருந்தார்.

அண்ணாச்சி அதை யாரிடமும் சொல்லவில்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன், அதனால் தெரியும். சுளகுக்கு முன்னால் போய் மறுபடி உட்கார்ந்துகொண்டார். அதன்பிறகு வெங்காயத்தைப் பார்க்கவில்லை. செண்பகத்தின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

செண்பகத்தின் கண் பருப்பு அண்டாவில் இருந்தது. பொங்கி வருகிற நேரம். அண்டாவை விட்டுக் கண்ணை எடுக்காமலே இடது கையைப் பின்னால் இருந்த அலமாரிக்கு நீட்டினாள். அங்கே ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. கட்டை விரலால் முதல் டப்பாவைத் தேய்த்தாள். விட்டாள். அடுத்ததைத் தேய்த்தாள். விட்டாள். மூன்றாவதில் விரல் நின்றது. அதை எடுத்து, பெருங்காயத்தைக் கிள்ளிப் போட்டாள்.

"பாக்காம எப்படிம்மா எடுத்தே?"

"பேரு வெட்டியிருக்குல்லா அண்ணாச்சி. ஆவுடை பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டு போன டப்பா. அங்க மாறிரக் கூடாதுன்னு பாத்திரக் கடையில குடுத்து வெட்டுனது."

அண்ணாச்சி கையைக் கழுவிவிட்டு வந்து டப்பாவை வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலை ஓட்டினார். புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்து. ஒவ்வொன்றாக விரலில் தட்டியது.

ஆ. வு. டை.

கையில் எதுவும் தட்டிவிடக் கூடாது என்று முப்பது வருஷம் கல்லைத் தடவியவர் அவர். அந்த டப்பாவை வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

*

சாயங்காலம் மருமகன் கடையிலிருந்து கல்லில் எழுத்து வெட்டுகிற மெஷினை வாங்கிக்கொண்டு வந்தார். செண்பகம் ஆற்றுக்குக் குளிக்கப் போயிருந்தாள்.

சுவரிலிருந்து ஒரு சாணும் நாலு விரற்கடையும் அளந்தார். சாக்பீஸால் எழுதினார். மெஷினை எடுத்தார்.

கை போகவில்லை.

மறுபடி எடுத்தார். கல்லில் அவர் முகமே தெரிந்தது. மெஷினைக் கீழே வைத்தார். உள்ளங்கையால் ஒரு தடவை, கடைசித் தடவையாக, அந்த இடத்தைத் தடவினார். எனக்கே பாவமாக இருந்தது.

திரும்பிப் பார்த்தார். அடுக்களை வாசலில் தம்பிச்சாமி நின்றிருந்தார்.

இரண்டு விசில்.

அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார். கறுப்புக் கல்லிலிருந்து வெள்ளைப் பொடி பறந்தது. ஆழமாகப் போனால் கல் பிளந்துவிடும், மேலோட்டமாக விட்டால் விரலில் தட்டாது. அந்த நடுவை அவர் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முடித்து, துடைத்து, தள்ளி நின்று பார்த்தார். எழுத்து கொஞ்சம் கோணல்தான்.

செண்பகம் ஈரத் தலையோடு வந்தாள். பார்த்தாள். கிட்டே போய்க் கட்டை விரலை வைத்து ஓட்டினாள். முதல் எழுத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாவது எழுத்துக்குப் போவதற்குள் அழுதுவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டிய? இம்புட்டு அழகான கல்லை..."

"போனை வை."

"ஒரு முடியளவு கீறல் இல்லாமக் கொண்டாந்தியளே..."

"வைம்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, கல்லைப் பார்க்காமல், மகளின் பேர்மேல் போனை வைத்தாள்.

'டிங்.'

*

அதற்குப் பிறகு அந்தப் போன் அணைந்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பந்திக்கு இலை போடுகிற நேரத்தில் அது அடித்தது. செண்பகம் வடிதட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அடுக்களையில் நாங்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தோம். மரியாதையாக வெளியே போகத் திரும்பினோம்.

"போவாதிய," என்றாள் அவள். அவளே ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"எம்மா..." என்றது ஒரு குரல். தூக்கக் கலக்கமும் களைப்புமாக.

"ஏட்டி... மக்கா... நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேம்மா. பொம்பளப் பிள்ள. கேக்கியா?"

ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு அழுகை. சின்ன அழுகைதான். ஆனால் அடுக்களை முழுவதையும் அது எடுத்துக்கொண்டது. யாரோ போய் கிரைண்டரை நிறுத்தினார்கள். அண்ணாச்சி துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார். செண்பகம் மேடைமேல் குனிந்து, போனுக்கு முத்தம் கொடுத்தாளா அந்தக் கல்லுக்குக் கொடுத்தாளா என்று தெரியவில்லை.

அன்றைக்குச் சாதம் குழைந்து களியாகிவிட்டது. தம்பிச்சாமி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும்தான்.

பந்தி முடிந்து மேடையைக் கழுவிக்கொண்டிருந்த செண்பகம் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி."

"சொல்லும்மா."

"ஆவுடை பேருக்குப் பக்கத்துல ஒரு சாண் எடம் இருக்குல்லா?"

"இருக்கு."

"அங்கன இன்னொரு பேரு வெட்ட முடியுமா?"

அண்ணாச்சி கல்லைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அங்க வச்சா சார்ஜ் ஏறாதேம்மா. அடியில ஒண்ணும் கெடையாது."

"ஏற வேண்டாம் அண்ணாச்சி. பேரு இருக்கட்டும்."

வாசலில் நின்றிருந்த தம்பிச்சாமி விசிலை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

அதற்குள் அண்ணாச்சி அலமாரிக்கு மேலே இருந்த மெஷினை எட்டி எடுத்திருந்தார். மருமகனுக்கு அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

"பேத்தி பேரு என்ன?" என்றார்.

தம்பிச்சாமி விசிலைத் திரும்பவும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.